பிஸ்கட் டப்பாவில் இருபது கையெழுத்து

எங்கள் மருத்துவ உதவி விதிகளில் பதினேழாவது விதி, உட்பிரிவு (இ): “அவசர நிலையில், ஊழியரோ அவரைச் சார்ந்தவரோ அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில் பரிந்துரைக் கடிதம் இன்றியே சேர்த்துக்கொள்ளப்பட வேண்டும். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பிரிவுக்குத் தகவல் தெரிவித்தால் போதுமானது.”

இதைப் புத்தகத்தைப் பார்க்காமல் எழுதுகிறேன். ஓய்வு பெற்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. சமையலறைக்குள் எதற்கு வந்தேன் என்பது மறந்துபோகிறது, உட்பிரிவு (இ) மறக்கவில்லை. மருத்துவப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள், விதிகளைப் பற்றி ஏதாவது எழுதித் தரும்படி கேட்டீர்கள். விதிகளைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர் அந்தத் தொழிற்சாலையில் இல்லை என்று பலரும் சொல்வதுண்டு. நெடுங்காலம் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டிருந்தேன். விதிப்புத்தகம் உங்கள் மேசையிலேயே கிடக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எழுதுகிறேன்.

நீங்கள் வேலை பார்க்கும் ஏற்பாட்டை முதலில் வெளியிலிருந்து ஒரு முறை பாருங்கள். காஞ்சன்பாக் தொழிற்சாலை மதிலுக்கு உள்ளே, நிரந்தர ஊழியருக்கு வைத்தியம் உரிமை. காய்ச்சலுக்கு நம் மருந்தகம், அதற்கு மேல் எதுவானாலும் ஊருக்குள் இருக்கும் பெரிய தனியார் மருத்துவமனை. மதிலுக்கு வெளியே அதே வைத்தியம் ஒரு வியாபாரம். இரண்டுக்கும் நடுவில் இருப்பது நாம் கொடுக்கும் பரிந்துரைக் கடிதம், எண் போட்ட ஒரு தாள். அதே தொழிற்கூடத்தில் இரும்புத்தூள் கூட்டும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்தத் தாள் கிடையாது. அவர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போவார். கேன்டீனில் அரசு வைத்தியமா தனியார் வைத்தியமா என்று விவாதம் நடக்கும்போது, நம் ஆட்கள் ஏசி அறையையும் கண்ணாடிக் கதவையும் பற்றிப் பேசுவார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்கள் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போவார்கள். நான் அந்த விவாதத்தில் கலந்துகொண்டதில்லை. நடுவில் உட்கார்ந்து கடிதம் கொடுக்கிறவளுக்கு இரண்டு பக்கமும் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

மருத்துவப் பிரிவின் பொறுப்புக்கு நான் மாற்றலாகி வந்த முதல் மாதம், கடிதப் புத்தகங்களை எண்ணிச் சரிபார்த்தேன். எனக்கு முன்னால் இருந்தவர்கள் செய்யாத காரியம். வரிசை எண்களில் இருபது தாள்கள் குறைந்தன. விசாரித்ததில் அவை தொலையவில்லை என்று தெரிந்தது. மருந்தகத்தின் சீனியர் நர்ஸ் வீட்டில், ஃப்ரிட்ஜின் மேல், ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தன. இருபதிலும் பழைய அதிகாரியின் கையெழுத்தும் முத்திரையும் இருந்தன. நோயாளி பெயர் எழுத வேண்டிய இடம் மட்டும் காலி.

அந்த நர்ஸை எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் கடைசி வரை அப்படித்தான் கூப்பிட்டேன். என்னைவிடப் பத்து வயது இளையவர். மூன்று தலைமுறையாக செகந்திராபாத் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பம், வீடு லோத்குண்டாவில். நம் ஊழியர்களில் கணிசமானவர்கள் அந்தப் பக்கம் குடியிருக்கிறார்கள். காஞ்சன்பாக் நகரத்தின் ஒரு கோடி, லோத்குண்டா மறு கோடி. விடுமுறை நாளில் நெஞ்சுவலி வந்தால் கடிதத்துக்காக யாரும் நகரத்தைக் குறுக்கே கடந்து வர மாட்டார்கள். சிஸ்டர் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். சிஸ்டர் பார்ப்பார், அவசரம்தானா என்று அவரே முடிவு செய்வார், பெயரை எழுதித் தாளைக் கிழித்துக் கொடுப்பார். திங்கட்கிழமை பதிவேட்டில் ஏற்றுவார். ஒரு தாள்கூடத் தவறான ஆளுக்குப் போனதில்லை என்பதைப் பதிவேட்டைப் பார்த்துப் பிறகு உறுதி செய்துகொண்டேன். அப்போது அது எனக்கு முக்கியமாகப் படவில்லை.

“வெற்றுத் தாளில் கையெழுத்து என்றால் என்ன அர்த்தம் தெரியுமா சிஸ்டர்?” என்று கேட்டேன்.

“தெரியும் மேடம். ஞாயித்துக்கிழம ஆபீஸ் தொறந்திருக்குன்னு அர்த்தம்.”

டப்பாவைக் கொண்டுவரச் சொன்னேன். மறுநாள் கொண்டுவந்தார். தாள்களை எடுத்துக்கொண்டு டப்பாவைத் திருப்பிக் கொடுத்தேன், ரசீதுடன்.

விஷயம் அந்த மாத மருத்துவக் குழுக் கூட்டத்துக்கு வந்தது. அதில் தொழிலாளர் பிரதிநிதி செல்வராஜ். டூல் ரூமில் சீனியர் டெக்னீஷியன், அவரும் லோத்குண்டாக்காரர். அவர் வாய்க்குப் பயந்து நிர்வாகத் தரப்பில் சிலர் கூட்டத்துக்கே வர மாட்டார்கள். என்னிடம் மட்டும் அவருக்குத் தனி அக்கறை. “மேடம், தும்மல் வருது. எந்த ரூல்ல தும்மணும்?” என்று வராந்தாவில் நின்று கேட்பார். பத்து பேர் சிரிப்பார்கள். “இரண்டு பிரதிகளில் தும்மிக் கொடுங்கள்” என்பேன். இன்னும் பத்து பேர் சிரிப்பார்கள்.

அன்றைக்கு அவர் சிரிக்க வைக்கவில்லை.

“டப்பாவ கைக்கு எடுத்தீங்க மேடம்?”

ஏன் எடுத்தேன் என்று கேட்கிறார். அவசரத்துக்குக் கடிதமே தேவையில்லை என்று விதி சொல்லும்போது, கையெழுத்திட்ட வெற்றுத்தாள் வீட்டில் இருப்பது அனாவசியம், ஆபத்தும்கூட என்றேன். பதினேழு (இ)-யை வாசித்துக் காட்டினேன்.

“ஹவ் மேடம், ரூல் இருக்கு. நானா இல்லேங்கிறேன்? அதப் படிச்சவன் அங்க டெஸ்க்ல உக்காந்திருக்கானா, அத சொல்லுங்க.”

“மருத்துவமனையுடன் போட்ட ஒப்பந்தத்திலேயே இருக்கிறது செல்வராஜ்.”

“ஒப்பந்தம் ஷோகேஸ்ல இருக்கும். பேஷன்ட் வாசல்ல இருப்பான்.”

குறிப்பேட்டில், ‘உறுப்பினரின் கருத்து கேட்கப்பட்டது’ என்று எழுதிக் கூட்டத்தை முடித்தேன்.

அடுத்த ஆண்டு குருத்து ஞாயிறு. காலைப் பூசை முடிந்து வந்து, ஒன்பதரை மணிக்கு செல்வராஜ் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தார். டம்ளர் கையிலிருந்து நழுவியது. மனைவி ஸ்டெல்லா, “என்ன ஆச்சு உங்களுக்கு?” என்று கேட்டார். பதில் சொல்ல வாய் திறந்தார், வார்த்தை வரவில்லை. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. பக்கத்து வீட்டுக் காரில் பத்து மணிக்கெல்லாம் நம் பட்டியலில் இருக்கும் தனியார் மருத்துவமனைக்குக் கொண்டு போய்விட்டார்கள். ஸ்டெல்லா செய்ததில் ஒரு குறையும் இல்லை.

அங்கேயும் அவசரப் பிரிவு மருத்துவர் உடனே வந்து பார்த்தார், ரத்த அழுத்தம் எடுத்தார், கையில் டிரிப்ஸுக்கு ஊசி குத்தினார். பக்கவாதம், மூளையை ஸ்கேன் செய்து அடைப்பைக் கரைக்கும் ஊசி போட வேண்டும் என்றார். எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு மிஞ்சும் என்றும் சொன்னார். ஸ்கேன் அறை முப்பதடி தூரத்தில் இருந்தது. ஆனால் ஸ்கேனுக்குக் கோப்பு எண் வேண்டும், கோப்பு எண்ணைத் தர வேண்டியது கார்ப்பரேட் டெஸ்க், கார்ப்பரேட் டெஸ்க்குக் கடிதம் வேண்டும். கையிலிருந்து பணம் கட்டிச் சேரலாம், ஆனால் அப்படிச் சேர்ந்தால் பிறகு கம்பெனிக் கணக்குக்கு மாற்ற முடியாது என்றார்கள். அவ்வளவு பணம் ஸ்டெல்லாவிடம் இல்லை. ஸ்டெல்லா சிஸ்டருக்குப் போன் செய்தார். சிஸ்டரிடம் டப்பா இருந்தது, தாள் இல்லை. சிஸ்டர் எனக்குப் போன் செய்தார்.

காஞ்சன்பாக் குடியிருப்பில் என் வீட்டில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். மணி பத்து இருபது.

“கடிதமே தேவையில்லையே சிஸ்டர். டெஸ்க்கில் இருப்பவரிடம் போனைக் கொடுக்கச் சொல்லுங்கள்” என்றேன். ஸ்டெல்லாவின் எண்ணுக்கு நானே பேசினேன். டெஸ்க்கில் ஓர் இளைஞர். என் தெலுங்கைக் கேட்டதும் இரக்கப்பட்டுத் தமிழுக்கு மாறினார். சேலத்துக்காரராம்.

“நீங்க சொல்றது புரியுதுங்க மேடம். ஆனா லெட்டர் நம்பர் போடாம எங்க சிஸ்டம் அடுத்த பக்கத்துக்கே போகாதுங்க.”

பதினேழு (இ)-யைச் சொன்னேன். மேலதிகாரியிடம் கேட்பதாகச் சொல்லிக் காத்திருக்க வைத்தார். மேலதிகாரி வந்தார், ஒப்பந்தப் பிரதி கேட்டார். எந்தப் பக்கம், எந்தப் பத்தி என்று சொன்னேன். சட்டப் பிரிவைத்தான் கேட்க வேண்டும், இன்று ஞாயிறு என்றார். விதியை மீறுவது நீங்கள்தான் என்றேன். மீண்டும் அந்த இளைஞரே பேசினார். குரல் தாழ்ந்திருந்தது.

“மேடம், ஒண்ணு சொல்லலாங்களா? போன வருஷம் உங்க ஸ்டாஃப் ஒருத்தர லெட்டர் இல்லாம அட்மிட் பண்ணினோங்க. இன்டிமேஷன் லேட்டுன்னு ஃபைல திருப்பி அனுப்பிட்டீங்க. இன்னும் முடியலைங்க. அதுல சைன் உங்களுதுதான்.”

ஞாபகம் இருந்தது. நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் தகவல் வர வேண்டும், வந்தது ஐம்பத்தோராவது மணி நேரத்தில். ஆட்சேபம் எழுதியது நான். விதிப்படி சரி.

உங்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்றால், அப்போதும் நான் போனை வைக்கவில்லை. அது வேறு, இது வேறு என்று விளக்கினேன். தகவல் தாமதம் உட்பிரிவின் இரண்டாவது வாக்கியத்தில் வருகிறது, சேர்க்கை முதல் வாக்கியத்தில் வருகிறது, இரண்டையும் குழப்பக் கூடாது என்றேன். நாற்பது நிமிடம் பேசினேன். நாற்பது நிமிடமும் நான் சொன்னது சரி. அந்த நாற்பது நிமிடத்தில் நான் வேறு எதுவும் செய்யவில்லை. அலுவலகம் நடந்து போகும் தூரத்தில்தான் இருந்தது. ராணுவ உற்பத்தி வளாகம், விடுமுறை நாளில் உள்ளே போக வாசலில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும், போனை வாசலிலேயே ஒப்படைக்க வேண்டும். முயன்றால் அரை மணியில் ஒரு தாளை வெளியே எடுத்துவந்து படம் பிடித்து அனுப்பியிருக்கலாம். தோன்றவே இல்லை. கடிதம் எடுக்கப் போனால் கடிதம் தேவை என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும் அல்லவா?

பதினோரு மணிக்கு சிஸ்டரின் எண்ணிலிருந்து அழைப்பு. லோத்குண்டாவிலிருந்து ஆட்டோ பிடித்து அந்த மருத்துவமனைக்கே வந்துவிட்டிருந்தார்.

“மேடம், நீங்க பேசிட்டிருங்க. நான் இவர கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

“இன்னும் பத்து நிமிடம் சிஸ்டர், ஒப்புக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டார்கள்.”

“நக்கோ மேடம்.”

வேண்டாம் என்பதை அதைவிடச் சுருக்கமாக என்னிடம் யாரும் சொன்னதில்லை. வைத்துவிட்டார்.

அரசுப் பெரியாஸ்பத்திரியில் நடந்ததை சிஸ்டர் பிறகு சொன்னதைக் கொண்டே எழுதுகிறேன். வாசலில் ஸ்ட்ரெச்சர் இருந்தது, தள்ள ஆள் இல்லை. சிஸ்டரும் ஸ்டெல்லாவும் தள்ளினார்கள். வார்டில் ஒரு கட்டிலுக்கு இருவர். தரையில் பாய் விரித்தும் படுத்திருந்தார்கள்.

“ஒரு பொண்ணு டாக்டர் மேடம், எத்தன நாளாச்சோ தூங்கி. நான் கம்பெனி கார்ட நீட்டறேன், கையால தள்ளிட்டா. எத்தன மணிக்கு ஆரம்பிச்சதுன்னு அது ஒண்ணுதான் கேட்டா. ஒம்பதரைன்னு சொன்னதும் அவளே ஸ்ட்ரெச்சரப் புடிச்சு ஸ்கேனுக்கு ஓடறா. பேரே அப்பறந்தான் மேடம் கேட்டாங்க.”

ஒரு மணிக்கு ஊசி போட்டார்கள். மூன்றரை மணி நேரம் கழித்து.

இதை வைத்து அரசு ஆஸ்பத்திரி நல்லது, தனியார் கெட்டது என்று நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம். அதே வார்டில் மூன்று நாள் கழித்து அவருக்குச் சளி கட்டி நிமோனியா வந்தது. ஒரு நர்ஸுக்கு நாற்பது பேர், திருப்பிப் படுக்க வைக்க ஆள் போதவில்லை. ஸ்டெல்லாவும் மகளும் முறை போட்டு உட்கார்ந்திருந்ததால் பிழைத்தார். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அது நடந்திருக்காது. ஒன்றில் உள்ளே போவது கஷ்டம், இன்னொன்றில் உள்ளே போன பிறகு கஷ்டம். ஆனால் மூளையில் அடைப்பு வந்தவனுக்கு எது முதலில் வருகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அந்தச் சேலத்து இளைஞரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். கடிதம் இல்லாதவரைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று அந்த மருத்துவமனைக்கு எழுத்துமூலம் கற்றுக்கொடுத்தவள் நான்.

வலது கால் பெரும்பாலும் திரும்பியது. வலது கை கொஞ்சம் வந்தது. பேச்சு வரவில்லை. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிந்தது, கண்ணைப் பார்த்தால் தெரியும். வாயில் தங்கியது ஒரே ஒரு சொல், ‘ஹவ்’, இந்த ஊர்ப் பேச்சில் ஆமாம். தண்ணீர் வேண்டுமா என்றாலும் ஹவ், வேண்டாமா என்றாலும் ஹவ். நிர்வாகம் எது சொன்னாலும் மறுத்தவர் அவர். மறுப்பதற்கான சொல் போய், ஆமாம் மட்டும் மிஞ்சியது. நான் பார்க்கப் போன அன்று என்னைக் கண்டதும் ஏதோ சொல்ல முயன்றார். நெற்றி வியர்த்தது. பழைய கிண்டல்களில் ஒன்றாகத்தான் இருக்கும். கடைசியில் “ஹவ்” என்றார். நானும் தலையாட்டினேன்.

அந்தப் பெண் மருத்துவரை வராந்தாவில் பிடித்து, ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் பேச்சு பிழைத்திருக்குமா என்று கேட்டேன். அதற்குப் பதில் யாருக்கும் தெரியாது, அந்தக் கேள்வியை வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டாம் என்றார். எடுத்துத்தான் வந்தேன்.

திங்கட்கிழமையே புதுக் கடிதப் புத்தகத்தில் இருபது தாள்களில் கையெழுத்திட்டு, முத்திரை குத்தி சிஸ்டரிடம் கொடுத்திருந்தேன். அது விதிமீறல். இன்று கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். உங்களுக்கு இப்போது கடிதம் கணினியில் வருகிறது, ஓடிபி வந்தால் போதும் என்கிறீர்கள். அந்த ஓடிபி யார் போனுக்கு வருகிறது, ஞாயிற்றுக்கிழமை காலை அந்த ஆள் எங்கே இருப்பார் என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். யாரிடமாவது போனில் வாதம் செய்து ஜெயித்துக்கொண்டிருந்தால் அந்தப் போனை வைத்துவிடுங்கள்.

இத்தோடு நான் திருந்திவிட்டதாக முடித்தால் நன்றாக இருக்கும். நடந்தது வேறு.

பேச்சைத் திரும்பக் கொண்டுவரப் பயிற்சி தேவை, முதல் சில மாதங்களில் செய்வதுதான் பலிக்கும் என்றார்கள். அரசு ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சிக்கு ஒரே ஒரு அம்மாள், வாரம் ஒரு முறை, ஆளுக்குப் பத்து நிமிடம். நல்லவர், ஆனால் தெலுங்கில்தான் சொல்லித் தர முடியும். செல்வராஜுக்குத் தெலுங்கு தண்ணீர்பட்ட பாடு, இருந்தாலும் முதலில் திரும்புவது வீட்டு மொழிதான் என்று அந்த அம்மாளே சொன்னார். நம் பட்டியலில் உள்ள மருத்துவமனையில் தமிழ் தெரிந்த பயிற்சியாளர் இருந்தார், தினமும் ஒரு மணி நேரம். ஆனால் நம் விதிகளின் சிகிச்சைப் பட்டியலில் உடற்பயிற்சி சிகிச்சை உண்டு, பேச்சுப் பயிற்சி இல்லை.

“உடற்பயிற்சின்னு எழுதிக் குடுங்க மேடம். நாக்கு உடம்புல இல்லியா?” என்றார் சிஸ்டர்.

பேனாவை எடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்குத் தாள் கொடுப்பது வேறு, மாதக்கணக்கில் ஒரு பொய்த்தலைப்பின் கீழ் தினமும் கையெழுத்திடுவது வேறு என்று தோன்றியது. தணிக்கை வரும். எனக்கு ஓய்வுக்கு இரண்டு ஆண்டு இருந்தது. விதிவிலக்கு கோரித் தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். ‘மிக அவசரம்’ என்று சிவப்பு ஒட்டு ஒட்டினேன். ஏப்ரல் கடைசி வாரம். என் பணிக்காலத்தில் நான் எழுதியவற்றிலேயே தெளிவான கடிதம் அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

மே மாதம் ஸ்டெல்லா வந்து கேட்டார். நினைவூட்டல் அனுப்பியிருப்பதாகச் சொன்னேன். ஜூலையில் வந்தார். இரண்டாவது நினைவூட்டல் என்றேன். மேசைக்கு எதிரில் உட்காராமல் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

“எழுதுங்க மேடம். உங்களுக்கு எழுத்து நல்லா வருது.”

கோபமாகச் சொல்லவில்லை. அதன் பிறகு வரவில்லை. படம் போட்ட அட்டைகளை வாங்கி வீட்டில் ஸ்டெல்லாவே சொல்லித் தருவதாக சிஸ்டர் சொன்னார். ‘ஸ்டெல்லா’ என்பதில் பின்பாதி வந்துவிட்டதாம். செப்டம்பரில் அரசு ஆஸ்பத்திரி அம்மாள், வர வேண்டியது பெரும்பாலும் வந்துவிட்டது, இனி வருவது கொஞ்சம்தான் என்று சொல்லி, வாரத்துக்கு ஒரு முறை என்பதை மாதத்துக்கு ஒரு முறையாக மாற்றினார். வரிசையில் வேறு ஆட்கள் நின்றார்கள்.

பிறகு தலைமை அலுவலகத்தின் பதில் வந்தது. கோரிக்கை நிராகரிக்கப்படவில்லை. நேர்த்தியான கடிதம், என் கடிதத்தின் எண்ணையும் இரண்டு நினைவூட்டல்களின் எண்களையும் பிழையில்லாமல் குறிப்பிட்டிருந்தது. பேச்சுப் பயிற்சி பட்டியலில் இடம்பெறாததால், சம்பந்தப்பட்ட ஊழியர் மருத்துவக் குழுவின் முன் நேரில் ஆஜராகி, அச்சிகிச்சை தமக்கு ஏன் அவசியம் என்பதை வாய்மொழியாக விளக்க வேண்டும், அவருக்குப் பதிலாகக் குடும்பத்தாரோ பிறரோ பேச அனுமதி இல்லை என்றிருந்தது. சிஸ்டரிடம் நீட்டினேன். படித்துவிட்டு, மடித்து, என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

தபால் பிரிவு அதன் மேல் குத்தியிருந்த தேதி நவம்பர் பதினெட்டு.